இரவு உண்ணாதவரின் கடைவாய்ப்பல்

இரவு உணவுக்குப் பின் பல் துலக்கும் பழக்கம் உண்டா என்று படிவம் கேட்டது. மல்லிநாதன் ‘இல்லை’ என்று எழுதினார்.

ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவர் எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறார். அவற்றில் எதிலும் இவ்வளவு சுத்தமான உண்மையை எழுதியதில்லை. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். ஊரில் எல்லோருக்கும் அவர் நயினார்தான். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் போடாத வீட்டில் பிறந்து, அப்படியே வளர்ந்து, அப்படிப்பட்ட வீட்டிலேயே பெண் எடுத்தவர். உண்ணாத உணவுக்குப் பின்னால் எப்படிப் பல் துலக்குவது? படுக்கப் போகுமுன் துலக்குவதுண்டு. ஆனால் படிவம் அதைக் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதவும் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அந்தப் பல் வலப்பக்கம், கீழ்வரிசையில் கடைசிக்கு முந்தையது. இடப்பக்கத்துக் கடைவாய்ப் பற்களும் இதற்கு அக்கம்பக்கத்துப் பற்களும் அவருடைய முப்பதுகளிலேயே போய்விட்டன. ஆகவே பெரிய குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரனைப் போல, அவர் உண்ட அத்தனையையும் அந்த ஒரு பல்தான் அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது அதுதான் வலித்தது.

“வேர் சிகிச்சை பண்ணிட்டா காப்பாத்திடலாம் சார்” என்றார் பல் டாக்டர் நந்தினி. “தள்ளிப் போட்டீங்கன்னா புடுங்கத்தான் வேணும். இதுவும் போயிட்டா நீங்க கஞ்சிதான் குடிக்கணும்.”

செலவு அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. மகள் அக்ஷயாவுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டி முடித்த கை, காலியாகத்தான் இருந்தது. ஆனால் மல்லிநாதன் கலங்கவில்லை. அவர் தேரடித் தெருவில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்தார். கடை ஊழியர் சங்கம் ஆறு வருடங்களுக்கு முன்பே எல்லோரையும் ‘வெண்முத்து பல் காப்பீட்டு நிறுவன’த்தின் ‘முத்துச்சிரிப்பு’ திட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம். அட்டையில் ஒரு குடும்பமே முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

“அப்ப கவலயே இல்ல” என்றார் நந்தினி. “அனுமதிய வாங்கிட்டு வாங்க, அன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்.”

அனுமதிக்கு முன் சிகிச்சை எதுவும் தொடங்கக் கூடாது. தொடங்கினால் கோரிக்கை செல்லாது. வலி மாத்திரையும் சிகிச்சையே. இதை நிறுவனத்தின் கையேடு, ‘உங்கள் நன்மைக்காக’ என்ற தலைப்பின் கீழ் விளக்கியிருந்தது.

ஆகவே மல்லிநாதன் மாத்திரையும் போடாமல் படிவத்தை நிரப்பினார்.

படிவத்தோடு ஒரு புகைப்படம் கேட்டிருந்தார்கள். நோயுற்ற பல், உறுப்பினரின் முகம், அவருடைய ஆதார் அட்டை மூன்றும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். கடையில் உடன் வேலை செய்யும் வல்லரசு வெளிச்சத்துக்காக அவரைக் கடைவாசலில், தொங்கும் அண்டாக்களுக்குக் கீழே நிறுத்தினான்.

“இன்னும் கொஞ்சம் தொறங்க நயினாரே. ஆங், பல்லு தெரியுது. ஆதார் எங்க? மேல தூக்குங்க. இப்ப ஆதார் தெரியுது, பல்லு பூட்ச்சு.”

மல்லிநாதன் ஒரு கையால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அட்டையை உதட்டோரம் உயர்த்தி, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தபடி நின்றார். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் நின்று பார்த்து, உச்சுக்கொட்டி, அவர் சட்டைப்பையில் ஒரு பத்து ரூபாய் நோட்டைச் செருகிவிட்டுப் போனார்.

“கம்பெனி குடுக்குதோ இல்லியோ, வசூல் ஆரம்பிச்சிடுச்சு” என்றான் வல்லரசு.

படம் திரும்பி வந்தது. ‘ஆதாரில் உள்ள புகைப்படத்தில் உறுப்பினரின் வாய் மூடியுள்ளது. எனவே பல்லின் அடையாளம் ஒத்துப்போகவில்லை. மேற்படி பல் உறுப்பினருடையதே எனப் பச்சை மையில் கையெழுத்திடும் தகுதியுள்ள அதிகாரி ஒருவர் சான்றளிக்க வேண்டும்.’

மல்லிநாதன், தன் மகள் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரைத் தேடிப் போனார். அந்த நல்ல மனிதர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேசை விளக்கை இழுத்து, வாய்க்குள் நீண்ட நேரம் பார்த்தார். “உங்க வாய்க்குள்ளதான் இருக்குது” என்று முடிவுக்கு வந்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு தொலைபேசி வர ஆரம்பித்தது. தினமும் காலையில் ஒரு பெண் குரல், கல்யாண வரவேற்பில் பன்னீர் தெளிப்பவளைப் போல் பேசும். “வணக்கம்! முத்துச்சிரிப்புக் குடும்பத்துக்குத் தங்களை வரவேற்கிறோம். இன்று தங்கள் வலிக்கு ஒன்று முதல் பத்து வரை ஓர் எண்ணை அழுத்தவும்.” எண் ஏழுக்குக் கீழே இறங்கினால் அவசரம் நீங்கியதாகக் கருதிக் கோப்பு மூடப்படும்.

அதற்குள் கன்னம் பன்போல் வீங்கத் தொடங்கியிருந்தது. சாயங்காலம் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி கடைக்குப் போவது அவர் வழக்கம். முதலாளி பல வருடங்களாக அதற்கு விட்டிருந்தார். முன்பெல்லாம் கால் மணியில் முடிகிற சாப்பாடு இப்போது இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு கவளமும் கிணற்றில் வாளி இறக்குவதுபோல் நிதானமாக உள்ளே போக வேண்டியிருந்தது. மலை ஊருக்கு மேற்கே நிற்பதால் அவர் தெருவில் வெளிச்சம் கொஞ்சம் முந்தியே போய்விடும். பாதித் தட்டில் அவர் வாசலைப் பார்ப்பார்.

“காலண்டர்ல இன்னும் நேரம் இருக்குதுங்க. சாப்புடுங்க” என்பாள் அவர் மனைவி பிராமி.

“வெளிச்சம் போயிடுச்சு பிராமி.”

“மலைக்குப் பின்னால சூரியன் இருக்குதுங்க. எங்கயும் போயிடல.”

அவர் தலையசைத்துவிட்டுக் கையைக் கழுவுவார். பசியும் வலியும் இரவு முழுக்க மாறிமாறிக் காவல் காத்தன. பிராமிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு விடியற்காலையில் பஞ்சில் கிராம்பு எண்ணெயைத் தொட்டு அவர் பல்லில் வைத்துவிட்டாள். அன்று காலை குரல் வந்தபோது, நேர்மையாக யோசித்து, அவர் ஐந்தை அழுத்தினார்.

“வாழ்த்துகள்!” என்றது குரல். “தாங்கள் குணமடைந்துவிட்டீர்கள்.”

கோப்பு மூடப்பட்டது.

“எட்டுனு அமுத்தறதுக்கு இன்னா நயினாரே?” என்று வல்லரசு தலையில் அடித்துக்கொண்டான். “உங்க வாய்ல இன்னா நடக்குதுன்னு ஃபோனுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியுமேப்பா.”

“இப்படியே இருங்க. வெளங்கிடும்.”

மறுபடி விண்ணப்பித்து, கோப்பைத் திறக்க வைத்து, எண்ணெயும் இல்லாமல் தினம் ஒன்பது, பத்து என்று அழுத்திக்கொண்டு வந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. ‘இரவு உணவுக்குப் பின் பல் துலக்குவதில்லை எனத் தாங்களே ஒப்புக்கொண்டுள்ளீர்கள். இது வேண்டுமென்றே செய்த அலட்சியம். வேண்டுமென்றே செய்த அலட்சியத்தால் விளையும் சேதத்துக்குக் காப்பீடு பொருந்தாது.’

கிளை அலுவலகம் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில், புதிதாகக் கட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. மேலாளர் சக்கரபாணியின் மேசைமேல் பித்தளைக் கேடயம் ஒன்று. ‘மாநிலத்திலேயே மிகக் குறைந்த கோரிக்கைகள் ஏற்ற கிளை’ என்று அதில் பொறித்திருந்தது. அவர் எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியை இழுத்துப் போட்டார், காப்பி சொன்னார். மல்லிநாதனின் வீங்கிய முகத்தைப் பார்த்து உண்மையாகவே வருந்தினார்.

“பாருங்க சார், எங்களத் தப்பா நெனைக்காதீங்க. நாங்க வலிக்கு விரோதி இல்ல. ஆதாரமில்லாத வலிக்குத்தான் விரோதி. இந்தக் கிளை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு பல்லுக்குக்கூட தப்பா பணம் குடுத்ததில்ல. அந்தக் கேடயம் அதுக்குத்தான்.”

“சரியா எத்தன பல்லுக்குக் குடுத்தீங்க சார்?”

சக்கரபாணி கொஞ்சம் யோசித்தார். “அந்தப் பக்கத்துக் கணக்கு நாங்க வெச்சிக்கறதில்ல.”

“நான் ராத்திரி சாப்புடறதே இல்லீங்க. அதனாலதான் இல்லன்னு எழுதினேன்.”

“ராத்திரி சாப்புடாம ஒரு மனுஷன் இருப்பாரா?”

“நாங்க நயினாருங்க. பொழுது போறதுக்குள்ள முடிச்சிடுவோம்.”

சக்கரபாணியின் முகத்தில் மரியாதை படர்ந்தது. “அடடா, எவ்ளோ பெரிய விஷயம். நானும் டாக்டர் சொல்லி ட்ரை பண்ணேன், ரெண்டு நாள் தாங்கல. ஆனா சார், பொழுது போறதுன்னா எது? எங்க விதிப்படி இரவுங்கறது சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்குது. இப்ப ஆறரைக்குத்தான் சூரியன் மறையுது. நீங்க ஆறே காலுக்குச் சாப்புட்டா உங்களுக்கு அது பகல், கம்பெனிக்கு ராத்திரி. இதத் தீர்மானிக்க ஒரு சான்று வேணும். ‘இரவு உண்ணாமைச் சான்று.’ யாராவது அதிகாரி குடுத்தாப் போதும்.”

மல்லிநாதன் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். அவர் விஷயத்தை முழுதும் கேட்டுவிட்டு, கையை விரித்தார். “சாப்புட வழியில்லன்னா சான்று குடுக்கலாம், அதுக்கு ஃபார்ம் இருக்குது. வழியிருந்தும் சாப்புடறதில்லன்னு குடுக்க கவர்மெண்டுல ஏற்பாடு இல்லீங்க.”

கடைசியில் நிறுவனமே மனமிரங்கி, தன் கள ஆய்வாளரை வீட்டுக்கு அனுப்பி நேரில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. மல்லிநாதனுக்குப் போன உயிர் வந்தது. நந்தினி அன்று காலைதான் எச்சரித்திருந்தார். “சீழ் கட்டுது சார். இன்னும் கொஞ்ச நாள்தான். அப்புறம் நானே கை வெக்க மாட்டேன்.”

ஆய்வாளர் ராஜமாணிக்கம் வந்த நாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ கிடைக்கவில்லை. ஹோட்டல் வாசலில் எல்லாம் தெருவரைக்கும் வரிசை. ஆறு மணிக்கு வர வேண்டிய மனிதர் இருட்டிய பிறகு, வேர்த்து வழிந்து, செருப்பறுந்து வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். சுபாவத்தில் சாது. கையிலிருந்த கோப்பைத் திறந்து, வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“சாப்புடாம உக்காந்திருங்க சார். அது போதும். நான் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போயிடறேன்.”

மல்லிநாதன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அதில் அவருக்கு இப்போது நல்ல பழக்கம். ராஜமாணிக்கம் அவரைக் கவனித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ராஜமாணிக்கத்தின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டது.

பிராமி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அந்த வீட்டில் விளக்கு வைத்த பிறகு அடுப்பு எரிந்ததில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மனுஷன் பசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் பழக்கமும் அந்த வீட்டில் இல்லை. பகலில் செய்து மல்லிநாதனால் தின்ன முடியாமல் மீந்த புளிசாதம் இருந்தது. அப்பளமும் மோரும் இருந்தன.

“ஒரு வாய் சாப்புடுங்கண்ணா.”

“ஐயோ, வேணாம்மா. டூட்டியில இருக்கறேன்.”

“காலையிலேர்ந்து அலஞ்சிருக்கீங்க. நாங்க சாப்புட மாட்டோம், அதுக்காக உங்களப் பட்டினி போட முடியுமா?”

ராஜமாணிக்கம் கூச்சத்தோடு சாப்பிட ஆரம்பித்து, கூச்சமில்லாமல் முடித்தார். “வெங்காயமே இல்லாம இன்னா ருசிம்மா! எங்க வீட்ல வண்டி வண்டியா போட்டும் இது வராது.” இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். கையைக் கழுவி, பிராமியைக் கும்பிட்டு, மல்லிநாதனின் தோளைத் தட்டி, “எல்லாம் நல்லபடியா முடியும் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறிக்கையின் நகல் சில நாட்களில் வந்தது. ‘இரவு ஏழரை மணியளவில் மேற்படி வீட்டில் உணவு தயாராக இருந்தது. அது பரிமாறப்பட்டது. உண்ணப்பட்டதை நானே நேரில் அறிவேன். அளவு: தாராளம். தரம்: மிகவும் திருப்தி.’ அதன் கீழே சக்கரபாணியின் முடிவு. ‘இவ்வீட்டில் இரவு உணவு வழக்கம் உள்ளது உறுதியாகிறது. உறுப்பினர் தவறான தகவல் அளித்துள்ளார். நிராகரிக்கப்படுகிறது.’

பிராமி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மல்லிநாதன் மறுபடி வேங்கிக்காலுக்குப் போனார். இந்த முறை அவரால் பேச முடியவில்லை. தாடை இறுகி, சொற்கள் பல்லிடுக்கில் நசுங்கி வெளியே வந்தன. கடிதத்தை மேசைமேல் வைத்து, கை கூப்பினார்.

சக்கரபாணி பதறி எழுந்து அவர் கைகளைப் பிரித்துவிட்டார். “சார், சார், பெரியவங்க நீங்க. எனக்கு மட்டும் மனசு இல்லியா? ஆனா நான் மனசப் பாத்துக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு வலிக்கறவன் அத்தன பேரும் வந்து நிப்பான். ஜனங்க இன்சூரன்ஸ்னா பல்லுக்குன்னு நெனச்சிக்கிட்டு வர்றாங்க. அது மன நிம்மதிக்குங்க! ஆறு வருஷம் நிம்மதியா இருந்தீங்களா இல்லியா? அத நாங்கதான குடுத்தோம்?” குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி சொல்றேன். புதுசா ஒரு விண்ணப்பம் போடுங்க. ‘இரவில் உண்கிறேன், உண்டபின் துலக்குகிறேன்’னு எழுதுங்க. உடனே பாஸ் பண்றேன்.”

மல்லிநாதன் தலையை இடவலமாக அசைத்தார். அது பொய்.

“அப்ப உண்மையாக்கிடுங்க. ஒரு வேள சாப்புட்டு, தேய்ச்சிக் காட்டுங்க. ராஜமாணிக்கம் வந்து பாத்து எழுதிடுவாரு.”

அன்று மல்லிநாதன் சாயங்காலச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. பிராமி தட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் விஷயத்தைச் சொன்னபோது அவள் தட்டைத் தரையில் வைத்தாள்.

“பல்லு போனாப் போவுதுங்க.”

“போனா ஆயுசுக்கும் கஞ்சி பிராமி. வலி தாங்கல. என்னால முடியல.” அவர் சொன்னது அவ்வளவுதான். அதைச் சொல்லவே நெடுநேரம் ஆனது. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வலியாலா வேறெதனாலா என்று பிராமி கேட்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“தனியாப் போவ வேணாம். நானும் வரேன்.”

செங்கம் சாலையோரத்தில் ரேணுகாம்பாள் என்பவளின் இட்லிக்கடை. ராஜமாணிக்கம் முன்பே வந்து பெஞ்சில் காத்திருந்தார். கையில் நிறுவனம் கொடுத்த புதுப் பல்தூரிகை, சிரிக்கும் குடும்பத்தின் படத்தோடு. பிராமி கடைக்குள் வரவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். முழுக்க இருட்டிவிட்டதா என்று ராஜமாணிக்கம் வானத்தைப் பார்த்து உறுதி செய்தார்.

“சாருக்கு ரெண்டு இட்லிம்மா. நீங்க மட்டும் சாப்புட்டா சங்கடமா இருக்கும் இல்லீங்களா சார், எனக்கு ஒரு நெய் ரோஸ்ட்.” கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தார். “ஆரம்பிங்க.”

“இன்னா சார், யூடியூபா?” என்றாள் ரேணுகாம்பாள். “கடை பேரு தெரியற மாதிரி எடுங்க.”

மல்லிநாதன் இட்லியில் விரலளவு பிட்டு எடுத்தார். ஐம்பத்திரண்டு வருடம் காத்த ஒன்றை விடப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோனார்.

வாய் திறக்கவில்லை.

உதடு விலகியது. தாடை அசையவில்லை. அவர் முயன்றார். காதிலிருந்து கழுத்து வரை கம்பியைக் காய்ச்சி இழுத்ததுபோல் இருந்தது. இட்லித் துண்டு பற்களின் வெளிப்பக்கம் நசுங்கி, மோவாயில் வழிந்து சட்டையில் விழுந்தது. இன்னொரு துண்டை எடுத்தார். அதுவும் விழுந்தது. பிறகு அவர் இரு கைகளாலும் தன் தாடையைப் பிடித்துக் கீழே இழுக்க ஆரம்பித்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பிராமி திரும்பிப் பார்த்தாள்.

“ட்ரை பண்ணுங்க சார்” என்று ராஜமாணிக்கம் கைப்பேசிக்குப் பின்னாலிருந்து கெஞ்சினார். “ஒரே ஒரு வாய். மெல்லணும்னு விதியில இல்ல, முழுங்கினாப் போதும்.”

ரேணுகாம்பாள் தோசைக்கரண்டியோடு வெளியே வந்தாள். மல்லிநாதனின் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். “அட பாவி மனுஷா! இந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு இருக்கறவர இட்லி துன்ன இட்டாந்தியா? ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்யா!” தட்டைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போனாள்.

ராஜமாணிக்கம் கைப்பேசியை இறக்கினார். கோப்பைத் திறந்து எழுதினார். ‘உறுப்பினர் முன் இரவு உணவு வைக்கப்பட்டது. உண்ணவில்லை.’ எழுதியதைப் படித்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

“சார்! உங்களுக்கு நல்ல காலம்! நீங்க ராத்திரி சாப்புடறதில்லன்னு நான் இப்ப என் கண்ணால பாத்துட்டேன். நீங்க முதல்ல எழுதினதே செல்லும். இதவிட சான்று வேற இன்னா வேணும்?”

சாலையைக் கடந்து வந்திருந்த பிராமி, புடவைத் தலைப்பால் கணவரின் சட்டையில் ஒட்டியிருந்த இட்லியைத் துடைத்தாள். ராஜமாணிக்கத்தை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அனுமதி வந்தது. அதன் எழுத்துகள் தங்க நிறத்தில் இருந்தன. நந்தினியின் மருத்துவமனையில் அதைக் காட்டியபோது மல்லிநாதனுக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. நந்தினி அவர் வாயில் ஒரு விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

“வாய்க்குள்ள விரலே போவல சார், கருவி எப்படிப் போவும்? சீழ் தாடைக்குக் கீழ எறங்கிடுச்சு. இனிமே பல்லப் பத்திப் பேச்சில்ல, உசுரப் பத்தித்தான்.” நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, பல்லை எடுக்கவாவது பணம் தருவார்களா என்று கேட்டார். அனுமதி பல்லைக் காப்பாற்றுவதற்குத்தான் என்றும், எடுப்பது காப்பாற்றுவதற்கு நேர் எதிரானது என்றும், அதற்குப் புதிய விண்ணப்பம் வேண்டும் என்றும் மறுமுனையில் விளக்கினார்கள். நந்தினி தொலைபேசியை வைத்துவிட்டு, பிராமியிடம், “அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. இப்பவே” என்றார்.

அங்கே பெயரைக் கேட்டார்கள், வயதைக் கேட்டார்கள், படுக்க வைத்தார்கள். ஊசி மருந்து ஏறியது. சீழை வடித்தார்கள். வாய் திறக்கத் தொடங்கிய அன்று, ஒரு இளம் மருத்துவர் அந்தக் கடைசிக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கி எடுத்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். எல்லாம் முடிய ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

மல்லிநாதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலி இல்லை. நாக்கு தானாகப் போய் அந்த இடத்தைத் தொட்டது; இனி அங்கே மெல்ல எதுவும் இல்லை. பிராமி மருந்துச் சீட்டோடு போயிருந்தாள். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். இடது கன்னத்தில் கைக்குட்டையைக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சுக்குக் கீழே ராஜமாணிக்கத்தின் முகம் இருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மல்லிநாதன் சட்டைப்பையிலிருந்து முத்துச்சிரிப்பு அட்டையை எடுத்து, அதைத் தட்டி, கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினார்.

“எனக்கும் இருக்குதுங்க” என்றார் ராஜமாணிக்கம், குனிந்த தலையோடு. “ஊழியருக்கு எலவசம். அதான் இங்க வந்தேன்.” மடியிலிருந்த தடித்த கோப்பைத் திறந்து காட்டினார். பல், முகம், ஆதார் ஒன்றாகத் தெரியும் படங்கள். பச்சை மைக் கையெழுத்து. இரவு உணவுக்குப் பின் துலக்குவதாக அண்டை வீட்டார் மூவரின் உறுதிமொழி. “எல்லாம் ரெடியா கொண்டாந்துட்டேன். உள்ள ஜாஸ்தி கேக்கறாங்களா சார்?”

மல்லிநாதன் பஞ்சைக் கடித்தபடி இல்லையென்று தலையசைத்தார்.

“பேரு மட்டும்தானா?” ராஜமாணிக்கத்தின் கண்களில் பயம் தெரிந்தது. “அப்புறம் எப்படி நம்புவாங்க?”

கதவு திறந்தது. செவிலியர் பெயரைக் கூப்பிட்டார். ராஜமாணிக்கம் எழுந்து கோப்பை நீட்டினார்.

“அதெல்லாம் வேணாம், வெளிய வெச்சிட்டு வாங்க. எங்க வலிக்குது?”

ராஜமாணிக்கம் நகரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் யாரிடமும் கேட்டதில்லை. மல்லிநாதன் எழுந்து, அந்தக் கோப்பை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போகும்படி கண்ணால் காட்டினார்.

ராஜமாணிக்கம் இரண்டடி வைத்தார். வாசற்படியில் நின்றார். பிறகு திரும்பி வந்து, கோப்பைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு ரசீது எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.